வலக்கைப் பக்கம் மணி

சிலருக்கு வாய் நீளம், சிலருக்குக் கை நீளம். என் தங்கை மாப்பிள்ளை சாஹித்துக்குக் காது நீளம்.

ஏர்கான் பழுது பார்ப்பது அவன் தொழில். ஏர்கான் ரோசாக், அதாவது கெட்டுப்போச்சு, என்று யார் கூப்பிட்டாலும், கருவிப் பையைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்று கேட்பான். “கம்ப்ரஸர் நல்லா இருக்கு. ஃபேன் பேரிங்தான் போச்சு” என்பான். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவது, சூலியா தெருவில் உள்ள என் கடை. நான் பயணப் பெட்டியும் பையும் விற்கிறவன். என் கடை ஏர்கானைக் கேட்டுவிட்டு, “ஒண்ணும் இல்ல மச்சான்” என்று போனான். மறுநாள் தண்ணீர் ஒழுகிப் பன்னிரண்டு தோல் பைகள் பூசணம் பிடித்தன. நான் அதை மறக்கவில்லை, அவனையும் மறக்க விடவில்லை.

ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடியில் அவர்களுடைய வீடு. மூன்று அறை. ஒன்றில் அவனும் என் தங்கை ஹபீபாவும், இன்னொன்றில் அவர்கள் மகள் சுஹானா. இருப்பதிலேயே சின்னதான மூன்றாவது அறையில் சாஹித்தின் ஸ்பீக்கர்கள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் உறுமுவதற்கென்று தனியாக ஒரு பெரிய பெட்டி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் பழசாக வாங்கியது. பெரிய பெட்டி புக்கிட் மெர்தாஜாமில் கடையை மூடிய ஒரு கரவோக்கேக்காரனிடமிருந்து வந்தது. லிஃப்ட் அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிட்டதால் அதை ஒன்பது மாடி தூக்கியது நானும் அவனும்தான். என் இடுப்பு இன்றும் அதற்குச் சாட்சி.

“ரெண்டு ஸ்பீக்கர் போதாதா?” என்று அப்போது கேட்டேன்.

“மச்சான், கல்யாண வீட்டுக்கு எதிர்ல நின்னு வேடிக்கை பாக்குறது ஒண்ணு, உள்ள நடுவுல நிக்கிறது ஒண்ணு. ரெண்டு ஸ்பீக்கர்னா ரோட்டுல நிக்கிறோம். இது உள்ள கூட்டிட்டுப் போயிடும்.”

சொன்னது என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உள்ளே, ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம். அறையின் நடுவில் ஒரு சுழல் நாற்காலி. அதன் இடத்தைத் தரையில் சிவப்பு டேப் ஒட்டிக் குறித்து வைத்திருந்தான். அங்கே உட்கார்ந்தால்தான் எல்லாப் பக்கத்துச் சத்தமும் சரியாக வந்து சேரும், அரை முழம் தள்ளினாலும் போச்சு. போதாக்குறைக்கு ஏர்கானையும் மின்விசிறியையும் அணைத்துவிடுவான், அவை பாட்டைக் கெடுக்குமாம். ஊருக்கெல்லாம் குளிர் கொடுக்கிறவன் தன் அறையில் வெந்துகொண்டிருப்பான்.

என் தங்கை தையல்காரி. மலாய்ப் பெண்கள் உடுத்துகிற பாஜு குரோங் தைப்பதில் அவளுக்கு நல்ல பேர். நோன்பு நெருங்கினால் பெருநாள் துணி வீட்டுக்குள் வெள்ளம் போல வரும். நாற்காலி, மேசை, தொலைக்காட்சி எல்லாவற்றின் மேலும் துணி. அந்த வீட்டில் நான் இரண்டு முறை குண்டூசி மேல் உட்கார்ந்திருக்கிறேன். எனவே மூன்றாவது அறை தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டது நியாயம்தான். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

ஹபீபா சண்டை போடுகிறவள் இல்லை. அளவெடுத்து வெட்டுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“நோன்புக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. அதுக்குள்ள அந்த நாக்காலியில ஒங்களைத் தவிர வேற ஒரு மனுஷன் ஒக்காந்து, எந்திரிக்க மனசில்லாம இருக்கணும். ஒரே ஒரு ஆளு போதும். அப்படி நடந்தா ரூம் ஒங்களுக்கு. இல்லன்னா எனக்கு.”

“போலே” என்று சாஹித் உடனே ஒப்புக்கொண்டான். அவனுக்கு அது ரொம்பச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது.

முதலில் என்னைத்தான் பிடித்து உட்கார வைத்தான். ஏழாவது நிமிடம் நான் குறட்டை விட்டேனாம். “மச்சான் எந்திரிக்கலையே” என்று அவன் வாதாடினான். தூக்கம் செல்லாது என்று என் தங்கை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அடுத்து அவனோடு வேலை செய்கிற ஹஸ்ருல் வந்தான். மூன்றாவது நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று எழுந்து தண்ணீர் கேட்டான். சுஹானா, “அத்தா, போன்லயே கேட்டுக்கிறேன்” என்று நிற்காமல் போய்விட்டாள். சொந்த மகளே இப்படி. இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஹபீபா என்னிடம் அலமாரி செய்கிற ஆளைக் கேட்டாள். நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை அறையை அளக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தேன். சாஹித் என்னை ஒரு வாரம் மச்சான் என்று கூப்பிடவில்லை.

இதற்கு நடுவில்தான் சுபாஷினி வந்தாள். ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறவள். அந்த அலுவலக ஏர்கானைச் சாஹித் பார்த்துக்கொண்டிருந்தபோது, தான் பாடுவதாகவும் பாகான் டாலாமில் தன் வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்கு ஒரு பாட்டு அமைத்திருப்பதாகவும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். இவன் விடுவானா? ஸ்பீக்கர், நாற்காலி, சிவப்பு டேப் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். எல்லாரும் தப்பித்து ஓடுகிற அந்தப் பேச்சை அவள் நின்று கேட்டிருக்கிறாள். பிறகு, “அண்ணே, சத்தம் ஆளைச் சுத்தி வருமா?” என்று கேட்டிருக்கிறாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் அவள் அப்பா ராமதாஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கோயிலை ஒன்பது சுற்றுச் சுற்றியவர். இரண்டு வருடத்துக்கு முன் சர்க்கரை நோய் முற்றி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் கோயில் பக்கம் போகவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று மகள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். “தள்ளுறவ நீ. அப்புறம் சுத்துனது நீயா நானா? புண்ணியம் ஒனக்குத்தான் போகும், போ” என்று மறுத்துவிட்டார்.

“அவரு வீட்டுல சிரிச்சுக்கிட்டுத்தாண்ணே இருப்பாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பேச மாட்டாரு” என்றாளாம்.

நாதஸ்வரம், தவில், கோயில் பெண்கள் சேர்ந்து பாடியது, மூலஸ்தானத்து மணி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து அவள் கொடுத்தாள். கோயில் பாட்டா என்று புருவம் உயர்த்திய ஒருவரிடம், “கோயில் ஏர்கானும் நான்தான் பாக்குறேன், பாய்” என்றான் சாஹித். பத்து நாள் அந்த அறையிலேயே கிடந்தான். நாதஸ்வரமும் குரல்களும் கேட்கிறவரை மூன்று முறை சுற்றி வரும்படி செய்தான். மணியை, சினிமாவில் கதாநாயகனை நிறுத்துவது போல, நேர் முன்னால் வைத்தான். சுபாஷினிக்குப் போனில் அனுப்பினான். அவள் இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். காதில் மாட்டினால் இடம் வலம் தெரியுமே தவிர முன் பின் தெரியாது. அது எப்படிச் சுற்றுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமைக்கு முந்திய ஞாயிறு, காலை பதினொரு மணி. சுபாஷினி அக்கரையிலிருந்து பாலம் வழியாகக் காடி ஓட்டி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடவுள் கிருபையால் லிஃப்ட் வேலை செய்தது. ராமதாஸ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு என்று கல்யாணத்துக்கு வருகிறவர் போல வந்தார். சுழல் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுச் சிவப்பு டேப்புக்கு நடுவில் அவருடைய சக்கர நாற்காலியை நிறுத்தினோம். ஏர்கான் அணைந்தது. ஹபீபா தேநீர் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்க்க வந்தது பாட்டை இல்லை, அவர் கிளம்பிப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்பதை.

பாட்டு தொடங்கியது. மணி அடித்தது, நாதஸ்வரம் நகர்ந்தது. ராமதாஸ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முதல் சுற்று முடிவதற்குள் கையைத் தூக்கினார்.

“தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு லா.”

சாஹித் நிறுத்தினான்.

“இது எடம் சுத்துதுப்பா.”

“என்ன அங்கிள்?”

“எடது பக்கமா சுத்துது. கோயில்ல வலம்தான் வரணும். இப்படி எடமாச் சுத்துறது சாவு வீட்டுல.”

சுபாஷினியின் முகத்தில் ரத்தமே இல்லை. சாஹித் திரையைப் பார்த்தான், ஸ்பீக்கர்களைப் பார்த்தான், தன் இரண்டு கைகளையும் பார்த்தான். இத்தனை நாளில் இடமா வலமா என்று அவன் யோசிக்கவே இல்லையாம். சுற்று என்றதும் கை தானாக அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது.

வாசலிலிருந்து ஹபீபாதான் சொன்னாள். “நாம உம்ரா போனப்ப அப்படித்தானே சுத்துனோம்.”

நாலு வருடத்துக்கு முன் அவர்கள் இருவரும் மக்கா போய் வந்தார்கள். கஃபாவை இடது கைப் பக்கமாக வைத்துக்கொண்டு ஏழு சுற்று. வாழ்க்கையில் சாஹித் ஒன்றைச் சுற்றி நடந்தது அந்த ஒரு முறைதான். அது அவன் கைக்குள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. முருகன் கோயிலை மக்கா கணக்கில் சுற்ற வைத்த ஆள் இந்தத் தீவில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் இந்த மனிதர் என்ன நினைப்பாரோ என்று பயம்.

ராமதாஸ் கோபப்படவில்லை. விஷயம் புதிதாகக் கிடைத்த குழந்தை போலக் கேட்டார். “அப்படியா? ஒங்களுக்கு எடது கைப் பக்கமா?”

“ஆமா அங்கிள். எடது கைப் பக்கம்.”

“எங்களுக்கு சாமி வலது கைப் பக்கம்.” சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். “எப்படியோ, ரெண்டு பேருமே சுத்தாம இருக்கல.”

சாஹித் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “பத்து நிமிஷம் கொடுங்க அங்கிள்” என்றான். இடத்தை வலமாக, வலத்தை இடமாக மாற்றினான். மறுபடி ஓட விட்டான். இப்போது எல்லாம் வலமாகச் சுற்றியது. ராமதாஸ் அரைச் சுற்று வரை பொறுத்தார்.

“சரியாத்தான் இருக்கு. ஆனா தம்பி, நடுவுல நான் ஒக்காந்திருக்கேன், மேளமும் பாட்டும் என்னைச் சுத்தி வருது. அப்ப நான் யாரு, சாமியா?”

சுபாஷினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கிரேன்காரன் சாமியானா ஊரு தாங்காது. சாமி அது பாட்டுக்கு ஒரே எடத்துல இருக்கும். நான்தானே சுத்தணும்?” என்றவர், குரலைத் தாழ்த்தி மகளிடம், “தம்பி பாவம், ரொம்ப மெனக்கெட்டிருக்கு. போலாமா?” என்றார்.

சுபாஷினி சக்கர நாற்காலியின் பிடியில் கை வைத்தாள். நான் சாஹித்தின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் பைத்தியம் என்று அவனை நான் சொல்லாத நாளில்லை, ஆனால் அந்த நிமிடம் எனக்கு அழுகை வரும் போல இருந்தது. வெள்ளிக்கிழமை வருகிற அலமாரிக்காரனை ஏற்பாடு செய்தது நான் அல்லவா?

சாஹித் ஓரத்தில் கிடந்த சுழல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். காலால் உதைத்து மெதுவாக வலப்பக்கமாகச் சுழன்றான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

“மச்சான், நான் எந்தப் பக்கம் சுத்துறேன்?”

“வலது பக்கம்.”

“ஜன்னலு எந்தப் பக்கம் போகுது?”

நான் போய் அவன் பின்னால் நின்று, அவனோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தேன். அவன் வலமாகத் திரும்பத் திரும்ப, அவனுக்கு எதிரில் இருந்த ஜன்னல் இடது பக்கமாக நகர்ந்து பின்னால் போனது. பாலத்தில் காடி முன்னால் போனால் விளக்குக் கம்பங்கள் பின்னால் ஓடுகின்றனவே, அதே கதை. ஆள் வலம் வந்தால் உலகம் இடமாகச் சுற்றும். இவ்வளவுதான் விஷயம்.

“அங்கிள், மணி மட்டும்தான் தப்பு. சுத்து தப்பே இல்ல” என்றான் சாஹித். “ஒரு அஞ்சு நிமிஷம் லா. தயவு செஞ்சு போயிடாதீங்க.”

முதலில் செய்த சுற்றையே திரும்பக் கொண்டு வந்தான். முன்னால் இருந்த மணியை எடுத்து வலது கைப் பக்கமாக, முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் வைத்தான். அது அங்கேயே நிற்கும், அசையாது. மேளம் வலப்பக்கம் வரும்போது, நடுவில் மூலஸ்தானத்துச் சுவர் மறைப்பது போல, அதன் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கினான். மற்றதை எல்லாம் விட்டுவிட்டான்.

மூன்றாவது முறையாகப் பாட்டு தொடங்கியது. வலது பக்கம் மணி. இடது பக்கம் மேளம். மேளம் மெல்லப் பின்னால் போயிற்று.

ராமதாஸ் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பாட்டோடு பாட்டாக மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். “மேளக்காரங்களைத் தாண்டிட்டேன்... இது பக்கச் சுவரு.” மேளம் மங்கியது. மணிக்கு அந்தப் பக்கம் போனது. “ம். பின்பக்கம் வந்தாச்சு. இங்க கூரை கெடையாது சுபா, வெயிலு நேரா எறங்கும். இங்க மட்டும் வெரசா நடக்கணும்.” மேளம் முன்னாலிருந்து மறுபடி தெளிவாக வந்தது. “இந்தா, திரும்பிட்டேன்.” வலது கையை நீட்டி, அங்கே ஏதோ இருப்பது போல விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கே இருந்தது சாஹித்தின் கருவிப் பை.

இரண்டாவது சுற்றில் அவர் பேசவில்லை. மூன்றாவதில் கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்தது. அந்த அறை நெருப்பாகக் கொதித்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பாட்டு நின்றது.

சுபாஷினி குனிந்து, “அப்பா, கெளம்பலாமா?” என்றாள்.

“எங்க கெளம்புறது? மூணு சுத்துதான் ஆச்சு.” கண்ணைத் திறக்காமலே சொன்னார். “ஒம்பது சுத்தணும். தம்பி, இன்னும் ரெண்டு தடவை போடு.”

நான் என் தங்கையைப் பார்த்தேன். தட்டில் தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் எப்போதும் போலத்தான் வந்தது.

“அண்ணே, வெள்ளிக்கிழமை அந்த அலமாரி ஆளை வர வேணாம்னு சொல்லிடுங்க.”

சாஹித் அவளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் தடவைக்கு விசையில் விரலை வைத்தான்.

“தம்பி, ஒரு நிமிஷம் பொறு” என்றார் ராமதாஸ். “பின்பக்கம் தரை நல்லா சுட்டுருச்சு. காலு எரியுது.”

சுபாஷினி தரையில் உட்கார்ந்து, அவருடைய வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்து மெல்லத் தேய்த்துவிட்டாள்.

“இந்தக் காலாப்பா?”

“ரெண்டும்தான்” என்றார் அவர்.